சிவக்காத தோல்

கிழக்கு லண்டனில் ஒரு மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். கதிர் சிகிச்சைக்கு வருகிறவர்கள் இடையில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பொறுப்பு. யாராவது வராவிட்டால் ஏன் என்று தேடிப் போவேன்.

பக்கத்துப் பிளேஸ்டோ பகுதியிலிருந்து ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவர், மார்பகப் புற்றுநோய். இருபத்தைந்து நாள் சிகிச்சையில் பதினேழு நாள் ஒழுங்காக வந்தவர், அடுத்த இரண்டு நாளும் வரவில்லை.

போன் எடுத்தேன். "கொஞ்சம் சுகமில்லைப் பிள்ளை. அடுத்த கிழமை வாறன்" என்றார். அந்தக் குரல் எனக்குச் சரியாகப் படவில்லை. மேலாளரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

கணவரின் தொளதொளத்த சட்டையோடு கதவைத் திறந்தார். இடது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். அறைக்குள் கூட்டிப்போய்ச் சட்டையை விலக்கிக் காட்டினார். மார்பின் கீழே தோல் கருகி, மடிப்பில் உரிந்து ஈரமாக இருந்தது.

"ஏன் அக்கா அங்க ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை?"

"கேட்டவை பிள்ளை. தோல் ரெட்டா இருக்கோ எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டவை. இல்லை எண்டு சொன்னனான். சிவக்கேல்லைத்தானே, கறுத்தது."

அவர் மேசையில் எங்கள் துண்டுப்பிரசுரம் கிடந்தது. 'தோல் சிவந்தால் உடனே தெரிவியுங்கள்' என்ற அந்தத் தமிழ் வரி நான் எழுதியது. ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே தமிழாக்கியிருந்தேன். எங்கள் தோல் எப்படி மாறும் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

அடுத்த நாள் காலை நானே அவரைக் கூட்டிவந்தேன். தாதி புண்ணுக்கு மருந்து கட்டினார். டாக்டர் பார்த்துவிட்டு, தொடரலாம், விட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

அன்று மத்தியானம் கதிர் சிகிச்சையைக் கொடுக்கும் குழுவின் தலைமை ரேடியோகிராபரிடம் போனேன். வெள்ளைக்காரப் பெண், கண்டிப்பானவர். சண்டை பிடிக்கத் தயாராகத்தான் போனேன். நான் சொல்லி முடித்ததும் அவர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தி, "எப்படிக் கேட்க வேண்டும்? எழுதுங்கள்" என்றார்.

எழுதினேன். மற்றப் பக்கத்தைவிடக் கறுத்திருக்கிறதா? சூடாக இருக்கிறதா? இறுக்குகிறதா, எரிகிறதா?

புதிய பிரசுரத்தில் போட இப்படிக் கறுத்த தோலின் படமும் ஒன்று வேண்டும் என்றார். அக்காவிடம் கேட்டேன்.

"முகம் தெரியாதெல்லோ?"

"தெரியாது அக்கா."

"அப்ப போடுங்கோ. இன்னொருத்தி என்னை மாதிரிப் பேசாமல் இருக்கக்கூடாது."

இருபத்தைந்தையும் முடித்துவிட்டுத்தான் அவர் போனார். இப்போது சமையலறை வேலைக்கும் திரும்பிவிட்டார்.

புதிய பிரசுரம் ஆங்கிலத்திலும் தமிழிலும் வந்து சில வாரங்களில், நைஜீரியாவில் பிறந்த ஒரு பெண் தானாகவே தாதியைக் கூப்பிட்டு, அந்தப் படத்தில் விரலை வைத்து, "எனக்கும் இப்படித்தான் தொடங்குகிறது" என்றாராம். அன்றைக்கே மருந்து கொடுத்தார்கள். ஒரு நாள் தவறாமல் அவர் சிகிச்சையை முடித்தார்.

இந்த நாட்டில் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் கணவரைக் கூப்பிட்டுச் சொன்ன வேலைச் செய்தி அது ஒன்றுதான்.