அடி மூடியை விட்ட கணக்கு

சயாமுக்கு ரயில் பாதை போடப் போன எங்கள் தோட்டத்து ஆட்களில் ஒருவர் போன வாரம் கெமாஸ் ஸ்டேஷன் வழியாகத் திரும்பி வந்தார். வாசலில் நின்றபடியே, "அக்கா, அண்ணனுக்கு வாந்திபேதி. நாங்கதான் மண்ணு போட்டோம்" என்றார். என் வீட்டுக்காரர் மாணிக்கம் போய்விட்டது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. நான் மூன்றாவது வரை படித்தவள். அவரோடு பழகின எல்லாருக்கும் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அவரை நீங்கள் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிறவராகத்தான் பார்த்திருப்பீர்கள். சிரம்பான் டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனவர். அப்பா செத்ததும் நின்றுவிட்டார். நன்றாகக் காய்ந்த ஷீட்டைக் கம்பளித் துண்டால் தேய்த்து என் கைப்பக்கம் பிடிப்பார். முடி எழுந்து நிற்கும். "மின்சாரம் ஏறியிருக்கு. பக்கத்துல அதோட பலம் எவ்வளவுன்னு கணக்குப் போடணும்" என்பார். அது ஜப்பான்காரன் காலம். மரவள்ளிக் கிழங்குக்கே அடிதடி. இவருக்கு இந்தக் கவலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஷீட்டில் ஓட்டை போட்டு, காலிப் பால் டின்னைப் பாதி மேலே, பாதி கீழே இருக்கிற மாதிரி செருகி வைத்திருந்தார்.

"வெறும் டின்ல என்னங்க அளக்குறீங்க?"

"பால் இருந்தா நீ அளக்க விடுவியா?"

ஷீட் ரொம்பப் பெரிசு என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம். பலம் நேராக எழும்பி வருமாம். டின்னின் பக்கவாட்டில் போகாது, மேல் மூடி வழியாகத்தான் போகும். "உயரமான டின் வச்சா குறையுமா?" என்று கேட்டேன். "குறையாது. ஓரம் கிட்ட வராத வரைக்கும், கிட்ட நின்னாலும் கொஞ்சம் தள்ளி நின்னாலும் ஒண்ணுதான்." விடையை எழுதி, பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸர் தங்கையா அண்ணனுக்கு அனுப்பினார். இரண்டு பேருக்கும் இந்தக் கணக்குதான் பேச்சு.

அடுத்த வாரமே, சயாமில் மூன்று மாத வேலை என்று சொல்லி ஜப்பான்காரர்கள் அவரை லாரியில் ஏற்றினார்கள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளையைப் பற்றியாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். குனிந்து, "அஞ்சலை, அடி மூடியை விட்டுட்டேன். ஷீட்டுக்கு ரெண்டு பக்கம் இருக்கே. நான் போட்டதுல பாதிதான் விடை. தங்கையாகிட்ட சொல்லிரு" என்றார். வந்த கோபத்தில் நான் தலையைக்கூட ஆட்டவில்லை. லாரி வளைவில் திரும்பும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தங்கையா அண்ணன் இரண்டு தடவை கிழங்கு கொண்டுவந்தார்.

"ஏதாவது சொல்லிட்டுப் போனாராம்மா?"

"ஒண்ணும் சொல்லலண்ணே."

எனக்கு ஒரு வார்த்தை வைக்காதவர் இவருக்கு மட்டும் ஏன் வைக்க வேண்டும் என்றிருந்தது. "தப்புக்கு வயசாக விடக் கூடாது" என்று எப்போதும் சொல்வார். நான் இரண்டு வருஷத்துக்கு மேல் விட்டுவிட்டேன்.

தங்கையா அண்ணே, அவர் சொல்லிவிட்டுத்தான் போனார். மேல் மூடி வழியாகப் பாதி, அடி மூடி வழியாகப் பாதி. உங்களிடம் உள்ள காகிதத்தில் விடையை இரண்டால் வகுத்துவிடுங்கள். அவர் பெயரில் தப்பு நிற்க வேண்டாம்.

டின் என்னிடம் இருக்கிறது. உப்பு போட்டு வைத்திருக்கிறேன். அதை மட்டும் கேட்காதீர்கள்.