மே மாதத்துப் பனி

மே மூன்றாம் தேதி, ஞாயிறு. தேவாலயத்திலிருந்து வந்து, மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டு, வழக்கம்போல மின்விசிறியைத் துடைத்தேன். யாங்கோனில் சட்டை உடம்போடு ஒட்டும் வெயில்.

ஜப்பானின் வடகோடிக் கடற்கரையில் மீன் ஆலையில் வேலை செய்யும் என் மகள் மேரி கூப்பிட்டாள். அவளுக்குப் பேசியிருந்த பையன் அங்கேயே பக்கத்து ஊரில் இருந்தான். அன்று அவனுடைய அக்கா வீட்டுக்கு அவள் போக வேண்டும்.

“டாடி, பனிப்புயல் வருதுன்னு எச்சரிக்கை குடுத்திருக்காங்க. அடுத்த வாரம் போறேனே.”

“மே மாசத்துல பனியா? பையனைப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லு.”

அவள் கிளம்பிவிட்டாள்.

அதன்பின் மாலைவரை அவள் ஃபோனை எடுக்கவில்லை. விசிறிக்கடியில் வியர்த்தபடி திரும்பத் திரும்ப அழைத்தேன். கடைசியில் அவளே பேசினாள்.

“பஸ்ஸைவிட்டு இறங்கினதும் பனியில வழி தெரியல டாடி. யாரோ ஒரு மீன்காரர் சம்சாரம் பார்த்து, வீட்டுக்குள்ள இழுத்துட்டாங்க. காலைத் தேய்ச்சு விடுறாங்க. இப்பதான் விரல்ல உணர்ச்சி வருது.”

அங்கே என்ன பருவம் என்று, அங்கே இருப்பவளுக்கு இங்கிருந்து நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பெற்றவன் அனுப்பிய பனியிலிருந்து முன்பின் தெரியாதவர் அவளை மீட்டார்.

மறுநாள் காலை எழுந்ததும் முதலில் மகளை அழைத்தேன்.

“பனி நின்னுச்சாம்மா?”

“இல்ல டாடி.”

“அப்ப வெளிய போகாதே.”

“நேத்து நானும் இதைத்தானே சொன்னேன்.”