நாந்தி எவ்வளவு தூரம்

லம்பாசா நகரத்து நசியாவில் யார் வீட்டுக்கு மையத்து, சாவு என்று செய்தி வந்தாலும் ஹனீஃப் ஆஜராகிவிடுவார். அழுகிறவர்களைத் தேற்றக்கூட மாட்டார். "போன்ல எதுவும் சொல்லிராதீங்க. மொதல்ல பிளேன் இருக்கான்னு கேளுங்க" என்பார். மனுசனுக்கு நேரங்காலம் தெரியவில்லையே என்று முணுமுணுக்கிறவர்கள் உண்டு. முணுமுணுக்கட்டும். பட்டவர் அவர்தானே.

லம்பாசா சர்க்கரை ஆலையில் கரும்பு ரயில் ஓட்டியவர். அந்த ரயில் போகிற வேகத்துக்கு, பக்கத்தில் நடக்கிற மாடு முன்னால் போய்விடும். தூரம் என்றால் அவருக்கு அந்தக் கணக்குதான். தாயில்லாத பிள்ளையாக இருந்தவரைத் தூக்கி வளர்த்தது மரியம் அக்கா. அவளை மஜீத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள்; கடல் தாண்டி அடுத்த தீவில், நாந்தி விமான நிலையத்துக்குப் பக்கத்து வோட்டுவாலேவுக்குப் போய்விட்டாள். பார்க்கப் போனால் பஸ், கப்பல், மறுபடி பஸ் என்று இரண்டு நாள் இழுக்கும். "பிளேன்ல வாடா, என் வீட்டுக்கிட்டதான் எறங்குது" என்று அக்கா ஒவ்வொரு பெருநாளுக்கும் கூப்பிடுவாள். அதெல்லாம் துரைமாருக்கு என்று இவர் தட்டிக்கழித்துவிடுவார்.

அக்கா இறந்த அன்று காலையில், மஜீத் பக்கத்துக் கடை போனிலிருந்து பேசினார். "எப்ப வந்து சேருவே?"

மையத்தைக் காக்க வைக்கக் கூடாது. தூரத்தில் இருப்பவர்கள், காத்திருக்க வேண்டாம் என்று தாங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுவது அங்கே வழக்கம். ஹனீஃபும் யோசிக்காமல் சொன்னார்: "எனக்காக வைக்காதீங்க மச்சான். மத்தியானம் லுஹர் தொழுதுட்டு அடக்கிருங்க." போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அக்கா முகத்தை இனிப் பார்க்கவே முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

துக்கம் கேட்க வந்த ஆலைக் கூட்டாளி ராமச்சந்திரன் தலையில் அடித்துக்கொண்டார். "என்னப்பா பண்ணி வச்சிருக்கே? பகல்ல நாந்தி பிளேன் இருக்கே. நூத்திமுப்பது மைலு, ஒரு மணி நேரத்துல கொண்டுபோய் எறக்கிருவான்."

ஹனீஃப் மறுபடி போனை எடுத்தார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கத்தான் ஆளில்லை. கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு மையத்து வீட்டுக்குப் போயிருந்தார்.

விமான நிலையத்தில் பையை நிறுத்தார்கள், கூடவே அவரையும் தராசில் ஏறச் சொன்னார்கள். சின்ன விமானம். உயரே போனதும் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு அக்காவுக்காகக் குர்ஆனின் யாசீன் ஓத ஆரம்பித்தார். கப்பலில் ஒரு முழு ராத்திரி வாந்தி எடுத்துக்கொண்டே கடந்த அதே கடல்தான் கீழே. இரண்டு தடவை ஓதி, மூன்றாவது பாதியில் இருக்கும்போதே விமானம் தரைக்கு வந்துவிட்டது.

வோட்டுவாலேவு ரோட்டில் வேகவேகமாக நடந்தார். எதிரே தொப்பி போட்டவர்கள் கூட்டமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்த மஜீத் அவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் வைக்கலாம்னுதான் இருந்தோம்" என்றார் மஜீத். "நீதானேப்பா வேணாம்னுட்டே."

ஹனீஃப் நேரே அக்காவை அடக்கிய கபரடிக்குப் போய்க் குனிந்து மூன்று கைப்பிடி மண் போட்டார். மண் இன்னும் ஈரமாக இருந்தது.

"கிட்டத்துலதான் இருந்திருக்கேன் அக்கா" என்றார்.