டெக்சஸ் காளைக்குச் சர்க்கரைப் பொங்கல்

நாமக்கல்லில் மாட்டு டாக்டருக்குப் படித்த என் அப்பா அமெரிக்காவில் என்ன வேலை பார்க்கிறார் என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் இரண்டு பதில்கள் இருந்தன. கோயிலில் கேட்டால், தீவன ஆராய்ச்சி. மற்ற இடங்களில் முழுப் பதில்: எந்தத் தீவனம் போட்டால் இறைச்சிக் காளைகளுக்குச் சீக்கிரம் எடை கூடும் என்ற ஆராய்ச்சி. முட்டைகூடச் சேர்க்காத அம்மா முதல் பதிலோடு நின்றுகொண்டாள்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, மாட்டுப் பொங்கல் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அமெரிக்காவில் மாட்டுப் பொங்கலுக்கு மாடு கிடைக்காது என்று மற்ற ஊர்க்காரர்கள் தப்பித்துக்கொள்ளலாம். டெக்சஸில் அந்தச் சாக்கு செல்லாது. அன்று எங்களையும் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கூட்டிப்போன அப்பா ஆபீசுக்குள் போயிருந்த நேரம் பார்த்து, அம்மா ஒரு சாதுவான காளையின் நெற்றியில் குங்குமம் வைத்து, சர்க்கரைப் பொங்கலைப் பாத்திரத்தோடு நீட்டினாள். அது முந்திரியைக்கூட ஒதுக்கவில்லை.

மறுநாள், காளைக்கு மண்டையில் அடிபட்டு ரத்தம் வந்திருக்கிறது என்று பண்ணை ஆள் போன் செய்தார். அப்பா மருந்துப் பெட்டியோடு ஓடினார். தொட்டுப் பார்த்திருப்பார், மோந்து பார்த்திருப்பார். விரலில் குங்குமக் கறையோடு திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"அது ட்ரையல் மாடு. என்ன தின்னுச்சு, எவ்வளவு தின்னுச்சுன்னு ஊரைக் கூட்டிச் சொல்லோணும். இப்ப நான் என்னத்தச் சொல்றது?"

"ஏனுங்க, நல்ல நாள்ல ஒரு வாய் குடுத்தது குத்தமா? சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது?"

"சொல்லாம உட்டா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல, அம்முணி. கதை."

நிலையம் ஜனங்களின் வரிப்பணத்தில் ஓடுவது. வருஷத்துக்கு ஒருநாள் பண்ணைக்காரர்களைக் கூப்பிட்டு, செய்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த நாள் ஏப்ரலில். அதுவரை நான் பயத்திலேயே வாழ்ந்தேன். அப்பாவுக்கு வேலை போனால் வரவேண்டிய கிரீன் கார்டு வராது. கிரீன் கார்டு வராவிட்டால் நாமக்கல். நாமக்கல் என்றால் தமிழில் பரீட்சை. நிலையத்து டைரக்டரின் நீலக் கார் தெருவில் திரும்பினாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வேன். போன் அடித்தால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். அம்மாவும் சரியாகத் தூங்கவில்லை. அவளுக்கும் அதே பயம் என்று எண்ணியிருந்தேன்.

ஏப்ரலும் வந்தது. கொட்டகை முழுக்கத் தொப்பிகள். முன்வரிசையில் டைரக்டர். அப்பா எடைக் கணக்குகளைச் சொல்லிக்கொண்டே வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு காளையை முடிவுகளில் சேர்க்கவில்லை என்றார். பண்டிகை நாளில் என் மனைவி அதற்கு வெளிச் சாப்பாடு கொடுத்துவிட்டார், அதனால்தான் என்றார். நான் அம்மாவின் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு டைரக்டரின் பிடரியையே பார்த்தேன். அது மெல்ல மெல்லச் சிவந்தது.

ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி, அப்படி என்ன கொடுத்தார்கள் என்று கேட்டார். அரிசி, வெல்லம், நெய் என்றார் அப்பா. எடை கூடியதா என்றார் கிழவர். தாராளமாக, ஆனால் இந்தத் தீவனத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன் என்றார் அப்பா. முதலில் சிரித்தது டைரக்டர்தான். பிறகு கொட்டகையே சிரித்தது. கடித்துக்கொண்டிருந்த தலைப்பை அப்போதுதான் விட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"கணக்குல இருந்து எடுத்தாச்சுங்களே. இனி அது இங்கயே மேஞ்சிட்டிருக்குமா?"

சிக்னல் பச்சையான பிறகும் அப்பா வண்டியை எடுக்கவில்லை.

"கணக்குல இருந்துதான் எடுத்தேன், அம்முணி. லாரி எல்லாத்துக்கும் ஒண்ணுதான். போன வாரமே போயிருச்சு."

அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பின் சீட்டில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்கு வேலைதான் போகவில்லையே, அப்புறம் எதற்கு இந்த அழுகை என்று கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.