பெரட்டுக்கு வந்த வேற்றுக்கிரகவாசிகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் தியேட்டரில் ஒரு கொலையைப் பார்த்தேன். டிக்கெட் எடுத்து, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். செத்துப்போனது எனக்கு உயிரான ஒரு நாவல்.

நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் படத்தைத் தேடிப் போவீர்கள். அந்தப் பாவம் எனக்கெதற்கு?

கதையை மட்டும் சொல்கிறேன். உலகத்தைப் பிடிக்கக் கிளம்பிய வேற்றுக்கிரகவாசிகள் வழி தவறி நம் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வந்து இறங்குகிறார்கள். அங்கே காலைப் பெரட்டு நடந்துகொண்டிருக்கிறது. யார் யாருக்கு எந்த மலையில் வேலை என்று ஆட்களை நிறுத்திப் பிரித்து அனுப்புகிற நேரம். கங்காணிக்குக் கண் கொஞ்சம் மங்கல். பச்சை நிறத்தில், ஆளுக்கு நான்கு கையோடு நிற்பவர்களைப் பார்த்து, "கீழ்ப்பிரிவு ஆளுங்களா? லேட்டா வந்துட்டு என்ன மொறப்பு? மேமலைக்குப் போங்க!" என்று விரட்டிவிடுகிறார். நான்கு கையால் அவர்கள் கொழுந்து பறிக்கிற வேகத்தைப் பார்த்த துரை, மறுநாளே தோட்டம் முழுவதற்கும் ஒருவர் நாளுக்குப் பறிக்க வேண்டிய கிலோவை ஏற்றிவிடுகிறார்.

வேற்றுக்கிரகத் தளபதிக்குப் பொறுமை போய்விடுகிறது. "உங்கள் தலைவரிடம் எங்களைக் கூட்டிப் போங்கள்!" என்று கர்ஜிக்கிறான்.

கங்காணி நிதானமாகக் கேட்கிறார்: "எந்தச் சங்கத்துத் தலைவர்ங்க?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு உலகத்தை யாரும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தொழிற்சங்கமும் அவர்களை உறுப்பினராகச் சேர்க்கப் போட்டி போடுகிறது. கடைசியில் வேறு வழியில்லாமல் வேற்றுக்கிரகவாசிகளே புதிதாக ஒரு சங்கம் ஆரம்பிக்கிறார்கள்... அதுவும் மறுவாரமே இரண்டாக உடைகிறது!

கல்யாணமான நாளிலிருந்து இந்தப் புத்தகத்தை என் மனைவி புஷ்பாவின் கையில் திணித்துக்கொண்டே இருக்கிறேன். அவள் தோட்டப் பாடசாலையில் கணக்கு டீச்சர். "நடக்கிறத கேக்கவே எனக்கு நேரமில்ல. நடக்காததுக்கு ஒரு புக்கா?" என்பாள். நான் விழுந்து விழுந்து சிரிக்கிற ஒரு விஷயத்துக்கு, பக்கத்தில் இருப்பவள் ஒரு தடவையாவது சிரிக்க வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பா? நச்சரிப்புத் தாங்காமல் ஒருநாள், "படமா வந்தா பாக்குறேன், ஆள விடுங்க" என்றாள்.

படமாகவே வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம்.

முதல் காட்சியிலேயே கதாநாயகி தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கைக்குக் கிடைத்த இலையையெல்லாம் உருவியபடி ஆடுகிறாள். எங்களுக்குப் பின்வரிசையில் கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர், தன் தோழியிடம் சத்தமாகவே சொன்னார்: "அடியே, முத்தல் எலையா உருவுறா பாரு. எங்க கங்காணி பார்த்தா கூடையோட வெரட்டியிருப்பான்."

தியேட்டரே சிரித்தது. இரண்டரை மணி நேரப் படத்தில் ஜனங்கள் சிரித்தது அந்த ஒரு வசனத்துக்குத்தான். அதை எழுதியவர் பின்வரிசையில் இருந்தார்.

பெரட்டுக் காட்சி இல்லை. கங்காணி அடியாள் ஆகிவிட்டார். வேற்றுக்கிரகவாசிகளுக்கு நான்கு கை வைத்தால் கிராபிக்ஸ் செலவு கூடும் என்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டு கைதான். பச்சைப் பெயிண்ட் அடித்த பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். ஆனாலும் நான் அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தேன். புஷ்பாவின் முழங்கையைத் தட்டி, "இப்ப வரும் பாரு, இப்ப!" என்று வேறு சொல்லிவைத்தேன்.

தளபதி கர்ஜித்தான்: "உங்கள் தலைவரிடம் கூட்டிப் போங்கள்!"

ஹீரோ சட்டைக் கையை மடித்துவிட்டான். "இங்கே நான்தான்டா தலைவன்." பிறகு ஒரே குத்து. தளபதி பறந்துபோய் கொழுந்து லொறியில் விழுந்தான். பாட்டு!

எந்தச் சங்கத்துக்கும் மனம் கோணக் கூடாது என்று அந்த வரியை வெட்டியிருப்பார்கள் போலும். அந்த வரிக்காகத்தானய்யா முழு நாவலும்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே வந்ததும் புஷ்பா கேட்டாள்: "இதுக்கா இத்தனை வருஷமா என் உசுர எடுத்தீங்க?"

"புத்தகம் இப்படி இல்ல புஷ்பா..."

"அதான் கதை தெரிஞ்சிருச்சே. விடுங்க."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இனி எந்த முகத்தோடு அந்தப் புத்தகத்தை அவளிடம் நீட்டுவது? 

திரும்பி வருகிற வழியில், நோர்வூட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. மழைக்கு மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. மண்ணை வாரும் மெஷின் தயாராக நின்றது. வாரிய மண்ணை ஓரத்துத் தேயிலைக்குள் தள்ளலாமா என்பதுதான் பிரச்சினை. பாதையைத் திறக்க வந்திருந்த அதிகாரி களைத்துப்போய், சிங்களம் கலந்து, தெரிந்த தமிழில் கேட்டார்: "மெதன... இங்க தலைவர் யாரு? அவர்கிட்ட பேசணும்."

கூடி நின்ற தோட்டத்து ஆட்களில் ஒருவர் பணிவாகக் கேட்டார்: "எந்தச் சங்கத்துத் தலைவர்ங்க சார்?"

சத்தியமாகச் சொல்கிறேன், நான் எதுவும் ஏற்பாடு செய்யவில்லை.

ஒருவர் போனை எடுத்தார். "எங்க தலைவர்கிட்ட கேக்காம ஒரு கூடை மண்ணு விழக்கூடாது" என்றார். இன்னொருவர், "ஒங்க தலைவருக்கு இந்த மலையில என்னங்க வேல?" என்று தன் போனை எடுத்தார். மூன்றாமவருக்கு சிக்னல் கிடைக்கவில்லை. அவர் மேட்டில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார். மெஷின்காரர் இறங்கி வெற்றிலை போட ஆரம்பித்தார். அதிகாரியின் முகம் மெல்லப் பச்சையானது.

பக்கத்தில் குலுங்குகிற மாதிரி இருந்தது. திரும்பினேன். புஷ்பா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர்!

"இதான் புஷ்பா! இதேதான் புத்தகத்துல வருது! வரி மாறாம!"

அவள் கண்ணைத் துடைத்தாள். "இது நம்ம ஊர்ல தெனம் நடக்குறது தானேங்க. இதுக்கு ஒரு புக்கா?"

நடக்காததுக்கு ஒரு புக்கா என்றவள், இப்போது நடக்கிறதுக்கு ஒரு புக்கா என்கிறாள். இவளிடம் எப்படி வாதாடுவது? பாதை திறக்கும்வரை ஜன்னல் வழியாக மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், அடிப்பிடித்த வாசனை. புஷ்பாவின் சமையலில் எதுவும் கருகியதாகச் சரித்திரமே இல்லை. குசினியை எட்டிப் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில், மாவு டின்னுக்கு மேலே, என் நாவல் கவிழ்ந்து கிடந்தது. பாதிக்கு மேல் தாண்டியிருந்தது. அவள் ஒன்றும் தெரியாதவள் போலச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

 அன்றைக்கு அந்தக் கருகின பருப்புக்கு மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன்.