மண்ணெண்ணெய் மணந்த போத்தல்

துப்பரவு என்றால் எனக்குப் பைத்தியம். அதனால்தான் உரும்பிராயில் டொக்டரம்மாவின் டிஸ்பென்சரியில் மருந்து கலக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு பெரும் பிழை விட்டேன். அதையும் நல்ல காரியம் செய்கிறேன் என்ற திமிரோடு விட்டேன்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. மருந்தே தட்டுப்பாடு, போத்தலுக்கு எங்கே போவது? பாணி மருந்து வேண்டுமென்றால் வீட்டிலிருந்து போத்தல் கொண்டுவர வேண்டும். பிராண்டிப் போத்தல் வரும், நல்லெண்ணெய்ப் போத்தல் வரும், ஒருமுறை அத்தர்க் குப்பி கூட வந்தது. டொக்டரம்மா போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மோந்து பார்ப்பார். பிறகு, மணக்கிறது, கிணற்றடியில் சாம்பல் போட்டுக் கழுவிக்கொண்டு வாருங்கள் என்று கொண்டுவந்தவரைப் பின்பக்கம் அனுப்பிவிடுவார். பிள்ளைகளோடு வருகிறவர்களின் போத்தல் மட்டும் ஏன் எப்போதும் மணக்கிறது என்று யோசிக்கிற மூளை எனக்கு அப்போது இருக்கவில்லை.

நோயாளிகளை வேலை வாங்குவதா என்று எனக்குச் சுள்ளென்று ஏறியது. மறுநாள் தொடக்கம் வாசலிலேயே போத்தல்களை வாங்கி, சுடுதண்ணீரில் நானே கழுவி, மேசையில் வரிசையாக வைத்தேன். கண்ணாடி மாதிரி மினுங்கின. டொக்டரம்மா ஒன்றை எடுத்து மோந்தார். "மணக்கேல்லை" என்றார், செத்த வீட்டுச் செய்தி சொல்கிற குரலில். மெச்சுவார் மெச்சுவார் என்று இரண்டு கிழமை காத்திருந்தேன். மனிசி வாயே திறக்கவில்லை. நன்றி கெட்ட ஊர் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஆவேசமாகத் தேய்த்தேன்.

அப்போதுதான் அந்தச் சிறுமி மூன்றாம் தடவையாக வந்தாள். ஏழு வயது. தாய் இல்லை, தகப்பன் கொழும்பில் வேலை. தகப்பனின் தமக்கை, அவளுடைய மாமி, வைத்து வளர்த்தார். முதல் தடவை கை சுட்டிருந்தது. அடுத்த தடவை தோளில் இரத்தம் கன்றிய கண்டல். இந்தத் தடவை வாய்ச்சொண்டு வெடித்திருந்தது. மூன்று தடவையும் மாமி சொன்னது ஒன்றுதான்: விழுந்துவிட்டாள். முதல் இரண்டு தடவையும் மருந்து கட்டியவள் நான். நம்பினேனே, அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கும்.

டொக்டரம்மா பிள்ளையிடம் கேட்டதற்கெல்லாம் மாமியே பதில் சொன்னார். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. டொக்டரம்மா மாமி கொண்டுவந்த போத்தலைக் கையில் எடுத்து, மணக்கிறது, கழுவ வேணும் என்றார். மாமி என்னைக் காட்டி, உங்கடை பிள்ளை இப்போதுதானே கழுவினவ என்றார். நான் பெருமையோடு தலையாட்டினேன். டொக்டரம்மா பார்த்த பார்வையில் தலை அப்படியே நின்றுவிட்டது.

திரைச்சீலைக்குப் பின்னால், மருந்து கலக்கும் மூலைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்.

"உந்தப் போத்தலை ஊத்தையாக்கு. கெதியா."

"டொக்டர்?"

"பிள்ளையோடை நான் தனியக் கதைக்கவேணும். அந்த மனிசி இருக்குமட்டும் அது வாய் திறக்காது."

இரண்டு கிழமை எனக்கு வெளிக்காதது அந்த ஒரு நொடியில் வெளித்தது. ஊத்தைக்கு எங்கே போவது? அந்த மூலையில் ஊத்தை என்று ஒரு பொட்டு இல்லாமல் துடைத்து வைத்திருந்தவளும் நான்தானே! ஜாம்போத்தலில் மண்ணெண்ணெய் விட்டு எரிக்கிற விளக்குத்தான் கண்ணில் பட்டது. மண்ணெண்ணெய் தங்கமாக இருந்த காலம். கண்ணை மூடிக்கொண்டு பாதியைப் போத்தலுக்குள் ஊற்றினேன். நிமிர்ந்தால், திரைச்சீலை இடுக்கால் அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அது கண்ணை ஒருதரம் சிமிட்டியது.

வெளியே வந்து, கை தவறி மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டேன் என்று மாமியிடம் கெஞ்சினேன். டொக்டரம்மா என்னைக் கிழி கிழியென்று கிழித்தார். அதில் பாதி நடிப்பு, பாதி இரண்டு கிழமைக் கோபம். மருந்து கலக்கிற கை மண்ணெண்ணெயில் படக்கூடாது என்று ஒரு புளுகும் விட்டார். மாமி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, போத்தலோடு கிணற்றடிக்கு நடந்தார். நான் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். அவர் தேய்த்தார். நான் மோந்து, இன்னும் மணக்குது மாமி என்றேன். மறுபடி சாம்பல். மறுபடி தும்பு. ஏழு தரம்! சிரிப்பை அடக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக் கதவையே பார்த்தேன். உள்ளே பிள்ளை வாய் திறந்ததோ இல்லையோ?

திறந்திருந்தது. அகப்பைக் காம்பு, அடுப்புக் கொள்ளி, எல்லாம் சொல்லியிருந்தது.

டொக்டரம்மா மாமியிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. காயம் பழுக்கும், பத்து நாளும் தவறாமல் கொண்டுவந்து காட்ட வேணும், வராவிட்டால் நான் வீட்டுக்கு வருவேன் என்று மட்டும் சொன்னார். தினமும் பார்க்கிற பிள்ளையில் கை வைக்கப் பயப்படுவார்கள் என்பது அவருடைய கணக்கு. அன்றைக்கே சைக்கிளில் அச்சுவேலிக்குப் போய்ப் பிள்ளை சொன்ன சின்னம்மாவை, தாயின் தங்கையை, கண்டார். தகப்பனுக்குக் கடிதம் எழுதி ஆள் மூலம் கொடுத்துவிட்டார். சின்னம்மா கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை. மறுநாளே புருசனோடு வந்தார். டிஸ்பென்சரி வாசலில் மாமி போட்ட சத்தம் சந்திவரை கேட்டிருக்கும். டொக்டரம்மா மாமியை மறித்து, படலையில் கையை வைத்தபடி நின்றார். பிள்ளை சைக்கிள் பாரில் ஏறிப் போனது.

அதன்பிறகு நான் ஒரு போத்தலும் கழுவவில்லை.

நாலைந்து மாதம் கழித்துச் சின்னம்மா அவளைக் காய்ச்சலோடு கூட்டிவந்தார். கன்னம் சதை பிடித்து உப்பியிருந்தது. பார்க்கவே சந்தோசம். போத்தலை என் கையில் கொடுத்தது பிள்ளைதான். திறந்தால், உள்ளே அரைவாசி மண். சின்னம்மா வெட்கத்தில் குன்றிப்போனார். வீட்டில் கழுவித்தான் கொண்டுவந்தேன் என்று சத்தியம் பண்ணினார்.

நான் பிள்ளையைப் பார்த்தேன். கண்ணை ஒருதரம் சிமிட்டியது.

அங்கேயுமா? டொக்டரம்மா எட்டிப் போத்தலுக்குள் பார்த்தார். சின்னம்மாவைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைக்கு முன்னால் குந்தினார்.

"சொல்லு குஞ்சு. என்ன?"

"ஒண்டுமில்லை. அங்கை ஒருத்தரும் எனக்கு அடிக்கிறேல்லை. அதைச் சொல்லத்தான்."

டொக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது, இரண்டும்தான். கிணற்றடியில் சின்னம்மா பாவம், இன்னும் போத்தலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.