உமாமகேஸ்வரி வைத்த பரீட்சை

பச்சைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு வந்து தங்கும் பெண்ணை டெல்லியில் ஜாப்பா என்பார்கள். ஜாப்பா அனுப்புவதுதான் என் தொழில். மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் ஒரே ஓர் அறை, வாசலில் ‘வசுமதி’ என்று என் பெயர்ப் பலகை. போன் செய்கிறவர்கள் முதலில் கேட்பது, பெண் சைவமா, தமிழ் பேசுவாளா, கூடவே கொஞ்சம் சமைத்தும் கொடுப்பாளா என்றுதான். குழந்தைக்குப் புரையேறினால் என்ன செய்வாள் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் மணி அடிக்கும்போதே எனக்குப் பாதிக் கோபம் வந்துவிடும்.

அவர்கள் கேட்காவிட்டாலும் நான் சோதித்துப் பார்த்துத்தான் அனுப்புவேன். அதற்குக் காரணம் உமாமகேஸ்வரி. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி டெல்லிக்கு வந்தவள். கணவன் முத்து கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதும் குடும்பம் இவள் தலையில் இறங்கியது. ஓர் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளின் வார்டில் ஒப்பந்த ஆயாவாகச் சேர்ந்தாள். உறிஞ்சத் தெரியாத குழந்தைக்கு மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டவும், மூச்சடைத்தால் முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் தட்டவும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். ஒப்பந்தம் முடிந்த பிறகு என்னிடம் வந்தாள். அவளைவிட நல்ல ஜாப்பாவை நான் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பால் புகட்டும்போது வீட்டில் சத்தம் கூடாது. டிவி, மிக்ஸி, போன் எல்லாம் நிற்க வேண்டும். குழந்தை குடிப்பதைப் பார்த்தால் போதாது, கேட்க வேண்டும் என்பாள். விழுங்கும் சத்தமும் மூச்சும் மாறி மாறி வர வேண்டும். நடுவில் ஒன்று தப்பினால் பாலாடையை எடுத்துவிட வேண்டும். சாணக்யபுரியில் ஒரு வீட்டில் விருந்து நடந்துகொண்டிருந்தபோது பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் எனக்குப் போன் போட்டுக் கத்தினார். நானும் திருப்பிக் கத்தினேன். அன்று எனக்கு அவளை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது.

புதிதாக வரும் பெண்களுக்குப் பரீட்சை வைப்பதும் அவள்தான். என் அறையில் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்வாள். முதுகுக்குப் பின்னால் நின்று, போனில் பதிந்து வைத்திருக்கும் குழந்தை அழுகைகளை ஒவ்வொன்றாகப் போடுவாள். எது பசி, எது வயிற்றுவலி, எது தூக்கம் என்று சொல்ல வேண்டும். தடுமாறினால் தாட்சண்யம் கிடையாது. கனிமொழி என்று ஒரு பெண், நல்ல பெண், இரண்டு முறை தப்பாகச் சொல்லிவிட்டு அழுதாள். இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாமே என்று நான்கூடச் சொன்னேன்.

"காத வூட்ல வச்சிட்டு வர்றவ கைல புள்ளைய எப்படிக்கா குடுக்கறது?" என்றாள் உமாமகேஸ்வரி. கனிமொழி வெறுங்கையோடு போனாள்.

போன குளிர்காலத்துக்குப் பிறகு அவள் பரீட்சை வைப்பதை நிறுத்திவிட்டாள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று போனை என்னிடம் கொடுத்தாள். வயதாகிறது, அலுப்பாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

கிட்வாய் நகரிலிருந்து ஜ்யோத்ஸ்னா கூப்பிட்டது அப்போதுதான். ஒரு மத்திய அமைச்சகத்தில் அதிகாரி. கணவன் அர்விந்துக்குக் குவஹாத்திக்கு மாற்றல். வீட்டில் அவளும், மாமனார் சேஷனும், குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தையும்தான். குழந்தைக்கு விழுங்குவது இன்னும் சீராக வரவில்லை. குடித்து முடித்த பிறகும் பால் மேலே வந்து மூச்சை அடைக்கக்கூடும், முனகினால்கூட உடனே தூக்கிவிட வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். புரையேறினால் உங்கள் ஆள் என்ன செய்வாள் என்று அவளாகவே கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே உமாமகேஸ்வரியை அனுப்பினேன்.

முதல் சில நாட்கள் குழந்தையின் தாயும் வீட்டில் இருக்கும்போதே ஜாப்பா வேலை பார்க்க வேண்டும், பிறகு நான் நேரில் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பது என் வழக்கம். ஜ்யோத்ஸ்னாவுக்குத் திங்கட்கிழமை ஆபீஸ். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை போனேன். லிஃப்டிலிருந்து வெளியே வரும்போதே அவர்கள் வீட்டு டிவி செய்தி கேட்டது. சேஷனுக்குக் காது மந்தம். நல்ல மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அது மேஜை டிராயரில் தூங்குகிறது.

அந்த அலறலுக்கு நேர் கீழே உட்கார்ந்து உமாமகேஸ்வரி குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் பாலாடை. குழந்தையின் தலையைத் தாங்கிய இடது கையின் இரண்டு விரல்கள் அதன் தொண்டையில் லேசாகப் பதிந்திருந்தன. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஆனால் டிவியை நிறுத்தச் சொல்லவில்லை.

"கீழயே விடறதில்ல ஆன்ட்டி. தூங்கினாக்கூட மடியிலதான் வெச்சுண்டிருக்கா. இவ்ளோ நல்ல ஆள் கிடைக்கும்னு நான் நெனைக்கவே இல்ல" என்றாள் ஜ்யோத்ஸ்னா. டெல்லியில் வளர்ந்தவள், தமிழ் கொஞ்சம் யோசித்து யோசித்துத்தான் வந்தது.

குழந்தையை ஏப்பம் விட வைத்து, ஜ்யோத்ஸ்னாவிடம் கொடுக்க உமாமகேஸ்வரி திரும்பினாள். நான் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். ஜ்யோத்ஸ்னாவின் பார்வை என் பக்கம் வந்ததைப் பார்த்த பிறகுதான் அவளும் திரும்பிச் சிரித்தாள்.

பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மறைக்கவில்லை. இடது காது குளிர்காலத்திலேயே போய்விட்டது, வலது காதில் பேச்சு கொஞ்சம் மந்தம், உதட்டைப் பார்த்துச் சமாளிக்கிறேன் என்றாள். பால் இறங்குவதை விரலால் தெரிந்துகொள்கிறாளாம்.

"ஆனா புள்ள அழுதா கேக்கும்க்கா. அது எப்படிக்கா கேக்காம போவும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து இந்த வீட்டில் நீ, குழந்தை, அந்தக் கிழவர் மூன்று பேர்தான், உங்கள் மூவரில் காது கேட்கிற ஆள் குழந்தை ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கண் கலங்கவில்லை. என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீயும் ஒரு மிஷின் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாதா என்றேன்.

"மிஷின் வச்ச ஜாப்பாவ யாருக்கா எடுப்பாங்க?" என்றாள்.

எனக்குப் போன் செய்கிறவர்களை எனக்குத் தெரியாதா? உள்ளே சேஷன் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். காது போனதற்காக அவரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை, பென்ஷன் மாதாமாதம் வருகிறது. இவள் காது போனால் முத்துவுக்கு மருந்து இல்லை. இத்தனையும் தெரிந்தும், இதை ஜ்யோத்ஸ்னாவிடம் மறைக்க முடியாது என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

உமாமகேஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நானே சொல்றேன்க்கா. ஆனா மத்தவளுங்களுக்கு வச்ச பரீட்சைய எனக்கும் வைங்க. தேறிட்டேன்னா என்னைய இருக்க வுடுங்க."

உள்ளே போய் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். ஜ்யோத்ஸ்னா கத்தவில்லை. முகம் வெளுத்துப்போய்த் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள். பிறகு பரீட்சைக்குச் சம்மதம் என்று தலையை ஆட்டினாள். பேசி முடிவதற்குள் ஒன்றரை மணி நேரம் போயிருந்தது, குழந்தை மறுபடி பசிக்கு எழும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. போனெல்லாம் வேண்டாம், அது எழுந்து அழும்போது சொல்கிறேன் என்றாள் உமாமகேஸ்வரி. தொட்டிலுக்கு முதுகைக் காட்டி, சுவருக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வழக்கமாக மற்ற பெண்களை அவள் நிறுத்தும் அதே மாதிரி நின்றாள்.

சேஷனுக்கு எவ்வளவு புரிந்ததோ, எழுந்து டிவியை நிறுத்தினார். டிராயரைத் திறந்து மிஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். கடவுளே, இவளுக்குக் கேட்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் தொழிலில் நான் ஒருநாளும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

குழந்தை அசைந்தது. கையை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, குறைமாதக் குழந்தைகளுக்கே உரிய மெல்லிய கீச்சுக் குரலில் அழ ஆரம்பித்தது. உமாமகேஸ்வரி அசையவில்லை. குழந்தை முகம் சிவந்து, கால்களை உதைத்து, முழு மூச்சில் அழுதது. சேஷன் எங்களைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜ்யோத்ஸ்னாவால் பொறுக்க முடியவில்லை, வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அழுகை விக்கலாகி, அடங்கியது.

சுவரைப் பார்த்தபடியே உமாமகேஸ்வரி பேசினாள். தூங்கும் குழந்தை இருக்கும் அறையில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அசந்து தூங்குறான் போல. எழுப்பாதீங்கக்கா. நான் நிக்கறேன்."